மலை மேல ஜீப் பார்ட்ஸுக்கு பிரைமரும் பெயிண்ட்டும் அடிக்கிறது எப்படி

பெயிண்ட் டப்பாவுல பின்னாடி சின்ன எழுத்துல எழுதியிருக்கற எல்லாமே ஏறக்குறைய 25 டிகிரிக்கு எழுதினது. கோட்டுக்கு நடுவுல பத்து நிமிஷம் விடு, அரை மணில தூசி ஒட்டாது, மறுநாள் ஃபிட் பண்ணிக்கலாம்னு இருக்கும். கோயம்புத்தூர்ல அது சரியா வரும். கோத்தகிரில ஜனவரி மாசம் காலைல என் ஷெட்டுக்குள்ள 8 டிகிரி, மத்தியானம் பார்த்தா 16, மூணு மணிக்கு மேல மிஸ்ட் உள்ள வந்து எதிர்ல நிக்கறவங்க மூஞ்சி தெரியாது. இதுல அந்த டப்பாவ நம்பி அடிச்சு என் முதல் பானட் மொத்தமா வீணாப் போச்சு, ரெண்டு மாசத்துல கொப்புளம் கொப்புளமா எழும்பி, நகத்தால கீறினா பெயிண்ட் பிரைமர் எல்லாம் சேர்ந்து தோலா உரிஞ்சு வந்துச்சு, அடியில தகடு ஈரமா பழுப்பா இருந்துச்சு. அதுக்கப்புறம் தான் ஒழுங்கா கத்துக்கிட்டேன். மலை மேல வண்டி ரெஸ்டோர் பண்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எல்லாத்தையும் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

வண்டி அப்பா எஸ்டேட்ல இருந்து வாங்கின சிஜே 3பி ஜீப். வில்லிஸ் கம்பெனி 1953ல கொண்டு வந்த மாடல், புது எஃப்-ஹெட் இன்ஜின் உயரமா இருந்ததால பானட்டையும் கிரில்லையும் தூக்கி கட்டினாங்க, அதையே மஹிந்திரா லைசென்ஸ் வாங்கி நம்ம ஊர்ல செஞ்சாங்க, நீலகிரில டீ எஸ்டேட் வேலைக்கு ஓடாத ரோடே இல்ல. நான் இங்க சொல்றது கழட்டி எடுத்த பார்ட்ஸ் பத்தி மட்டும்தான், அதாவது பானட், ரெண்டு மட்கார்டு, கிரில், வின்ட்ஷீல்ட் ஃப்ரேம், டெயில்கேட். அம்பாசடரோ பத்மினியோ வெச்சிருந்தாலும் முறை இதேதான்.

எந்த மாசம் அடிக்கலாம்

ஊட்டி, நடுவட்டம், கூடலூர் பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்கு மழை போட்டு எடுக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு மழை. டிசம்பர் ஜனவரில உறைபனி. அதனால பிப்ரவரில இருந்து ஏப்ரல் நடுவு வரைக்கும் தான் நமக்கு கிடைக்கிற நல்ல காலம், காத்து காஞ்சிருக்கும், பகல்ல வெயிலும் இருக்கும். மழை மாசத்துல சும்மா உக்கார வேண்டாம், கழட்டறது, போல்ட் எல்லாம் பேர் எழுதி கவர்ல போடறது, டிங்கரிங் வேலை எல்லாம் பழைய பெயிண்ட் மேலேயே முடிச்சு வெச்சிடுங்க. பெயிண்ட்ட உரிக்கற வேலைய மட்டும் மழைல ஆரம்பிக்காதீங்க.

கலர் முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வெலிங்டன் பக்கம் ராணுவ ஜீப்ப பார்த்து பார்த்து வளந்ததால நம்ம பசங்களுக்கு எல்லாம் ஆலிவ் கிரீன் மேல ஒரு ஆசை, எனக்கும் இருந்துச்சு. ஆனா மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121ஆவது விதிப்படி பாதுகாப்புத் துறை வண்டிய தவிர வேற எதுக்கும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாது. ஆர்சில இருக்கற கலர மாத்தறதா இருந்தாலும் ஆர்டிஓல சொல்லி ஏத்திக்கணும். அடிச்சு முடிச்சுட்டு அலையறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

வண்டியோட ஒரிஜினல் கலர் என்னன்னு தெரியணும்னா டேஷ்போர்டுக்கு உள்பக்கம், இல்லன்னா வெளிச்சம் படாத ஒரு மூலைல காசு அளவுக்கு உப்புத்தாள்ல மெதுவா வட்டமா தேய்ங்க. ஒவ்வொரு கோட்டா வளையம் வளையமா தெரியும், மரத்த அறுத்தா தெரியுமே அந்த மாதிரி. எங்க வண்டில மேல நீலம், அதுக்கடியில பச்சை, அதுக்கடியில ஒரு மங்கின சாம்பல். அந்த சாம்பல் தான் முதல் கலர். அந்த இடத்த போட்டோ மட்டும் எடுத்துட்டு விட்டுடாதீங்க, போட்டோல கலர் ஏமாத்தும், அந்த துண்டு பார்ட்டையே கடைக்கு எடுத்துட்டு போய் வெயில்ல வெச்சு மேட்ச் பண்ணச் சொல்லுங்க.

உரிக்கறதும் துருவும்

பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னே வெச்சுக்கங்க, அந்த காலத்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, அடியில அடிச்ச சிவப்பு பிரைமர் எல்லாத்துலயும் ஈயம் கலந்த சாயம் போடறது சகஜம். அதனால கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டி காய்ஞ்ச தூளா பறக்க விடாதீங்க, வீட்டுல சின்ன பசங்க இருந்தா கண்டிப்பா வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவி, மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, அரை மணி கழிச்சு பட்டி தகட்டால வழிச்சு எடுங்க. நம்ம குளிர்ல ரிமூவர் மெதுவாத்தான் வேலை செய்யும், அவசரப்பட்டு சுரண்ட வேண்டாம், இன்னொரு தடவை போடலாம். வழிச்சத பேப்பர்ல கட்டி தனியா வைங்க, தோட்டத்துல கொட்டிடாதீங்க.

கீழ கோயம்புத்தூர்ல சாண்ட் பிளாஸ்டிங் பண்ணிக்கலாமான்னு கேட்டீங்கன்னா பண்ணலாம், மட்கார்டு உள்பக்கம் மடிப்புல இருக்கற துருவ வேற எதாலயும் அவ்வளவு சுத்தமா எடுக்க முடியாது. ஆனா பானட் மாதிரி அகலமான தகட்ட கரடு மணல் போட்டு ஒரே இடத்துல அடிச்சா மணல் மோதற வேகத்துல நெளிஞ்சுடும், ஒருதடவை நெளிஞ்சா நேராக்கறது பெரும் பாடு. அதைவிட பெரிய பிரச்சினை திரும்பி வர்ற வழி. பிளாஸ்டிங் பண்ண தகடு பச்சக்குழந்தை மாதிரி, எந்த ஈரத்தையும் தாங்காது. மலைப்பாதைல பர்லியார் தாண்டி மேல ஏற ஏற குளிரும் மிஸ்ட்டும், நான் ஒரு மட்கார்டு தார்ப்பாய் சுத்தி கொண்டு வந்தேன், குன்னூர்ல அவிழ்த்து பார்த்தப்ப வெள்ளி மாதிரி இருந்த தகடு மேல டீ சிந்தின மாதிரி துரு. அதனால பிளாஸ்டிங் பண்ற இடத்துலயே அன்னிக்கே ஒரு கோட் எபாக்ஸி, அதாவது ஈரத்த உள்ள விடாத ரெண்டு பார்ட் பிரைமர், அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, காசு கூட கேட்டாலும் குடுங்க. அது முடியலன்னா கீழ கொண்டு போகாதீங்க, வீட்டுலயே ஒரு பார்ட் ஒரு பார்ட்டா எடுத்து வேலை பாருங்க.

என் வேலை முழுக்க ஒரே ஒரு கணக்கு மேல தான் நிக்குது, வெறும் தகடு ஒரு ராத்திரி கூட வெறுமனே இருக்கக் கூடாது. காலைல உரிச்சா சாயந்திரத்துக்குள்ள அது மேல எபாக்ஸி இருக்கணும். இதுக்கு தகுந்த மாதிரி தான் எத்தனை பார்ட் ஒரு நாளைக்குன்னு பிளான் பண்ணுவேன். பானட்டுன்னா ஒரு நாள் முழுக்க அது ஒண்ணுதான்.

ஓட்டை விழுந்த இடத்துல பட்டி போட்டு அடைக்காதீங்க. வெட்டிட்டு புது தகடு வெல்ட் வைங்க. குழி குழியா அரிச்ச துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர் தேய்க்கலாம், ஆனா அத அப்படியே காய விட்டு மேல எபாக்ஸி அடிச்சா ஒட்டாது, நல்ல தண்ணி விட்டு கழுவி, உடனே துடைச்சு, ஹீட் கன்னால மடிப்புக்குள்ள இருக்கற தண்ணி மொத்தமும் வெளிய வர்ற வரைக்கும் சூடு காட்டணும். பானட்டோட ஓரம் மடிச்சிருக்கும் பாருங்க, அதுக்குள்ள தான் ஈரம் ஒளிஞ்சிருக்கும். காஞ்சிடுச்சுன்னு நினைச்சதுக்கு அப்புறமும் சூடு காட்டினா ஒரு சொட்டு வெளிய வரும்.

தகடு முழிச்சிருக்கணும்

இந்த பகுதிய தான் அவசரப்படாம படிக்கணும். ஐஸ் வாட்டர் ஊத்தின டம்ளருக்கு வெளிய ஏன் வேர்க்குது? காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்த சுவர்ல பட்டு தண்ணியாகுது. ராத்திரி முழுக்க 8 டிகிரில கிடந்த பானட்டும் அந்த டம்ளர் தான். பதினோரு மணிக்கு வெயில் வந்து காத்து 16 டிகிரி ஆயிடும், ஆனா நிழல்ல இருக்கற தகடு சூடேற நேரம் எடுக்கும். 16 டிகிரி காத்துல ஈரப்பதம் 70 சதவீதம்னா அந்த ஈரம் தண்ணியா படியற அளவு 10.5 டிகிரி பக்கம், அதத்தான் டியூ பாயிண்ட்ங்கறாங்க. தகடு அதுக்கு கீழ இருந்தா கண்ணுக்கே தெரியாம ஒரு நனைப்பு மேல இருக்கும், அதுக்கு மேல நாம பிரைமர் அடிப்போம். என் முதல் பானட்டுக்கு இதுதான் நடந்துச்சு.

குன்னூர்ல ரொம்ப வருஷமா வேலை பார்க்கற ஒரு பெயிண்டர் அண்ணன் கிட்ட அந்த உரிஞ்ச பானட்ட எடுத்துட்டு போனேன். அவர் பெயிண்ட்ட பார்க்கவே இல்ல, எத்தனை மணிக்கு அடிச்சேன்னு தான் கேட்டார். "அண்ணா, மணி பதினொண்ணு, வெயில் நல்லாத்தான் அடிச்சுது"ன்னேன். "வெயில் உனக்கு அடிச்சிருக்கும் தம்பி, தகடு இன்னும் ராத்திரிலயே இருந்திருக்கு. எழுப்பிட்டு அடிக்கணும்"னார். அவர் புறங்கைய தகட்டுல வெச்சே சொல்லிடுவார். நமக்கு அந்த கை வர வருஷம் ஆகும், அதுவரைக்கும் மீட்டர் வாங்கிக்கங்க.

ரெண்டு மீட்டர் வேணும். ஒண்ணு காத்தோட சூடும் ஈரப்பதமும் காட்டறது, விலை கம்மி தான். இன்னொண்ணு தகட்டோட சூட்ட பார்க்க இன்ஃப்ராரெட் துப்பாக்கி மாதிரி வர்றது. கொரோனா நேரத்துல நெத்தில காட்டினாங்களே அந்த வகை வேண்டாம், அது மனுஷ உடம்பு சூட்டுக்கு மட்டும் தான், மெக்கானிக் யூஸ் பண்ற வகை வாங்குங்க. பளபளன்னு இருக்கற வெறும் தகட்டுல இத காட்டினா தப்பா காட்டும், ஏன்னா அது சுத்தி இருக்கறதோட சூட்ட கண்ணாடி மாதிரி திருப்பி விடும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, ரெண்டு நிமிஷம் விட்டு, டேப் மேல காட்டிப் பாருங்க. அது டியூ பாயிண்ட்ட விட குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும், காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு கீழ இருக்கணும். டியூ பாயிண்ட் கணக்கு போட போன்ல ஆப் இருக்கு. சாயந்திரம் 13 டிகிரி, ஈரப்பதம் 95 ஆயிடுச்சுன்னா டியூ பாயிண்ட் 12க்கு மேல, அப்போ ஸ்ப்ரே கன்ன கழுவி வெச்சுட்டு டீ குடிக்க போயிடுங்க.

தகட்ட எழுப்ப நான் செய்யறது, 500 வாட் ஹாலோஜன் விளக்கு ரெண்ட பார்ட்டுக்கு பின்பக்கம் ஒரு முக்கால் மீட்டர் தள்ளி வெச்சு ஒரு மணி நேரம் விடுவேன், தகடு 20ல இருந்து 25 டிகிரிக்கு வந்துடும். அப்புறம் விளக்க அணைச்சு ஷெட்டுக்கு வெளியவே எடுத்து வெச்சுட்டுத்தான் கன்ன தொடுவேன், தின்னர் ஆவி நிறைஞ்ச இடத்துல சூடான விளக்கு இருக்கறது நெருப்புக்கு அழைப்பு. கரி கணப்பு வெச்சு ரூம சூடு பண்ற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, அத இங்க கொண்டு வராதீங்க, நெருப்பு ஒரு பக்கம், மூடின இடத்துல கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம், ரெண்டும் உயிர எடுக்கும். கேஸ் ஹீட்டரும் கூடாது, ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல தண்ணி ஆவியா அந்த ரூமுக்குள்ளேயே வரும், காய வைக்கறேன்னு நினைச்சு நனைச்சுட்டிருப்போம்.

இடத்த பத்தி ஒரு வார்த்தை. கார்னேஷன் பூ போட்டிருந்த ஒரு பழைய பாலிஹவுஸ்ல ஒரு மூலைய தான் நான் பெயிண்ட் அடிக்கற பூத் ஆக்கிக்கிட்டேன், வெயில் வந்தா உள்ள நல்லா சூடாகும், தூசி கம்மி, வெளிச்சம் அருமை. ஆனா காலைல ஷீட்டுக்கு உள்பக்கம் தண்ணி கோர்த்து சொட்டும். ரெண்டு பக்கமும் திறந்து விட்டு, ஷீட் மொத்தமா காஞ்ச அப்புறம் தான் பார்ட்ட உள்ள கொண்டு போவேன். கீழ தூசி அடங்க தரைல தண்ணி தெளிப்பாங்க, நாம அத செய்யக் கூடாது. முந்தின நாளே கூட்டி, ஈரத்துணி போட்டு துடைச்சு விட்டுட்டா போதும்.

கம்ப்ரஸர், கன், மாஸ்க்

மலை மேல காத்து மெலிசு. கோத்தகிரி உயரத்துல கடல் மட்டத்த விட அழுத்தம் ஐந்துல ஒரு பங்கு கிட்ட கம்மி, ஊட்டில இன்னும் கம்மி. அதனால கீழ ஒரு கன்ன தாராளமா ஓட்டற கம்ப்ரஸர் இங்க மூச்சு வாங்கும். ஒரு சைஸ் பெருசா எடுங்க, இல்லன்னா ஒரு பார்ட் அடிச்சுட்டு டேங்க் நிறைய விட்டு அடுத்தத அடிங்க. மிஸ்ட் காலத்துல டேங்க்ல தண்ணி எவ்வளவு சேரும்னா நம்பவே மாட்டீங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் மணிக்கு ஒரு தடவையும் கீழ வால்வ திறந்து விடுங்க. காத்துல வர்ற தண்ணிய பிடிக்கற வாட்டர் டிராப்ப கம்ப்ரஸர் பக்கத்துலயே மாட்டினா பிரயோஜனம் இல்ல, சூடான காத்துல ஈரம் ஆவியாவே தாண்டி போயிடும், ஒரு ஏழெட்டு மீட்டர் பைப் ஓடி காத்து ஆறின அப்புறம் கன் பக்கம் மாட்டணும்.

2கேன்னா அடிக்கறதுக்கு முன்னாடி ஹார்ட்னர்னு இறுக வைக்கற திரவத்த கலக்கற பெயிண்ட், அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்கு. 1984ல போபால்ல கசிஞ்சது மீதைல் ஐசோசயனேட், நம்ம ஹார்ட்னர்ல இருக்கறது அது இல்ல, வேற, ஆனா அதே குடும்பம் தான். மூச்சுல போக போக ஒரு நாள் ஆஸ்துமா மாதிரி பிடிக்கும், ஒரு தடவை பிடிச்சா அப்புறம் துளி பட்டாலும் ஒத்துக்காது. வாசனை வெச்சு கண்டுபிடிக்க முடியாது, அதனால துணி கட்டறதும், சாதாரண டஸ்ட் மாஸ்க்கும் எதுக்கும் உதவாது. வெளிய இருந்து சுத்தமான காத்து வர்ற மாஸ்க் தான் சரியானது, அது இல்லன்னா 2கே சர்ஃபேசரும் 2கே கலரும் அடிக்கிற வேலைய மட்டும் அந்த வசதி இருக்கற பூத்துல குடுத்துடுங்க. இதுல எனக்கு விட்டுக்குடுக்க மனசே இல்ல. கை உறை, கண்ணாடி, முழுக்கை சட்டை கண்டிப்பா.

எபாக்ஸி பிரைமர்

நம்ம ஊர்ல பெரும்பாலான பட்டறைல ரெட் ஆக்சைடு தான் அடிப்பாங்க. வீட்டு கேட்டுக்கு, ஜன்னல் கிரில் கம்பிக்கு சரி. ஆனா அது ஈரத்த உறிஞ்சும், அது மேல 2கே பெயிண்ட் அடிச்சா தின்னர் பட்டு சுருங்கி தோல் தோலா எழும்பவும் வாய்ப்பிருக்கு. நம்ம ஈரத்துக்கு ரெண்டு பார்ட்டா வர்ற எபாக்ஸி பிரைமர் தான்.

அடிக்கறதுக்கு முன்னாடி 80 இல்லன்னா 120 நம்பர் உப்புத்தாள்ல தகட்ட தேய்ச்சு பிடிப்பு குடுத்து, கிரீஸ் ரிமூவர் போட்டு ரெண்டு துணியால துடைங்க, ஒண்ணு நனைக்க, இன்னொண்ணு அது காயறதுக்குள்ள எடுக்க. பெட்ரோல்ல துடைக்காதீங்க, எண்ணெய் பிசுக்கு விட்டுட்டு போகும். பனியன் வேஸ்ட் மலிவு தான், ஆனா நூல் விடும், கடைசி துடைப்புக்கு நல்ல துணி எடுங்க. துடைச்ச அப்புறம் வெறுங்கையால தொடாதீங்க. தலைக்கு தேங்காய் எண்ணெய் வெச்சிருந்தா தொப்பி போட்டுக்கங்க, ஒரு சொட்டு வேர்வையோட விழுந்தா போதும், அந்த இடத்துல பெயிண்ட் கண்ணு கண்ணா விலகிடும்.

அடுத்தது டப்பாவோட சூடு. குளிர்ல பெயிண்ட் தேன் மாதிரி கெட்டியா இருக்கும், உடனே எல்லாரும் தின்னர ஊத்துவாங்க, அதுல தான் வழியும், உள்ள தின்னர் மாட்டிக்கிட்டு பின்னாடி பொடி பொடியா ஓட்டை விழும். தின்னர் சேர்க்கறதுக்கு பதிலா சூடு சேருங்க. முந்தின ராத்திரியே டப்பாவ வீட்டுக்குள்ள அடுப்பில்லாத ரூம்ல வைங்க, காலைல மூடிய திறக்காம ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணில கால் மணி நேரம் வைங்க. அடுப்பு மேல மட்டும் வைக்காதீங்க.

எத்தனைக்கு எத்தனை கலக்கணும்னு டப்பாவ பாருங்க, அது கம்பெனிக்கு கம்பெனி மாறும், கண் அளவுல ஊத்தாம அளவு கப்ல ஊத்துங்க. கலக்கிட்டு உடனே அடிக்க வேண்டாம், பெரும்பாலான எபாக்ஸிக்கு கால் மணில இருந்து அரை மணி ஊற விடணும். முதல்ல உள்பக்கம், மடிப்பு, ஓட்டைகளோட ஓரம், கிரில்ல ஏழு பொளவு இருக்கே அதோட உள் விளிம்பு, எல்லாம் முடிச்சுட்டு அப்புறம் தான் முன்பக்கம். ரெண்டு மெல்லிசு கோட் போதும். டெயில்கேட்ல எழுத்து பொறிச்சிருந்தா அங்க கை அடக்கி அடிங்க, கோட் மேல கோட் ஏறினா எழுத்தோட கூர்மை போயிடும், பட்டி பக்கத்துலயே போகக் கூடாது.

10 டிகிரிக்கு கீழ போனா சாதாரண எபாக்ஸி இறுகறது ஏறக்குறைய நின்னே போயிடும். பொதுவா 10 டிகிரி குறைஞ்சா நேரம் ரெட்டிப்புன்னு கணக்கு வெச்சுக்கங்க. அதனால அடிச்சு ஆவி எல்லாம் வெளிய போன அப்புறம் விளக்க திரும்ப கொண்டு வந்து சாயந்திரம் முழுக்க வெச்சிருப்பேன். மறுநாள் தொட்டா சோப்பு தடவின மாதிரி வழுவழுன்னு இருந்தா பயப்படாதீங்க, குளிர்லயும் ஈரத்துலயும் எபாக்ஸி மேல அப்படி ஒரு படலம் வரும். வெதுவெதுப்பான தண்ணில ஸ்காட்ச் பிரைட் வெச்சு கழுவி காய வெச்சுட்டு தான் தேய்க்கணும், கழுவாம தேய்ச்சா அத உள்ள தேய்ச்சு விடறோம்.

பட்டியும் சர்ஃபேசரும்

பட்டி எபாக்ஸிக்கு மேல போடுங்க, வெறும் தகட்டுல வேண்டாம். ஹார்ட்னர் நூத்துக்கு ரெண்டு பங்கு தான். குளிருதேன்னு ஹார்ட்னர கூட்டினா சீக்கிரம் இறுகும், ஆனா அந்த மிச்சம் பின்னாடி மேல் கலர் வழியா கறையா எட்டிப் பார்க்கும். அதுக்கு பதிலா தகட்ட சூடு பண்ணுங்க. இன்னொண்ணு, பட்டிய தண்ணி போட்டு தேய்க்கறது நம்ம பட்டறைகள்ல பழக்கம், தூசி வராதுன்னு. பட்டி பஞ்சு மாதிரி தண்ணிய குடிக்கும், கீழ வெயில்ல காஞ்சு போயிடும், இங்க காயாது, அடியிலேயே இருந்து கொப்புளமாகும். உலர்வா 80, 120, 180னு போங்க, மாஸ்க் போட்டுக்கங்க. ஜீப் பானட் அகலமா தட்டையா இருக்கறதால கையால தேய்ச்சா அலை அலையா தெரியும், ஒரு அடி நீள மரக்கட்டைல உப்புத்தாள ஒட்டி குறுக்கும் நெடுக்குமா தேய்ங்க. வளைவுக்கு மட்டும் பழைய ஹவாய் செருப்பு துண்டு.

மடிப்பு, ஜாயிண்ட் எல்லாத்துக்கும் சீம் சீலர் இந்த நேரத்துல போட்டுடுங்க. தண்ணி வடியற ஓட்டைய அடைச்சுடாதீங்க.

அப்புறம் 2கே சர்ஃபேசர், அதாவது சின்ன கீறல், பள்ளத்த நிரப்பற கெட்டி பிரைமர், 1.7 இல்லன்னா 1.8 நாசில்ல மூணு கோட். காஞ்சதும் மேல கருப்பு ஸ்ப்ரே கேன்ல தூரமா நின்னு லேசா தூவி விடுங்க, 320 அப்புறம் 400ல கட்டை வெச்சு தேய்ச்சா பள்ளத்துல மட்டும் கருப்பு நிக்கும், எங்க குறைன்னு தன்னால காட்டும். கருப்பு மொத்தமா போற வரைக்கும் தான் தேய்ப்பு, அதுக்கு நடுவுல எபாக்ஸி தெரிய ஆரம்பிச்சா நிறுத்திட்டு இன்னொரு கோட் அடிக்கணும். கடைசியா 600ல இருந்து 800 வாட்டர் பேப்பர். இங்க தண்ணி போடலாம், ஆனா முடிச்ச உடனே துடைச்சு, சூடு காட்டி, ஒரு ராத்திரி உள்ள வெச்சு காய விடுங்க.

கலர்

பழைய பெயிண்டர்கள் இன்னும் கார் பெயிண்ட்ட டூகோன்னு தான் சொல்வாங்க, அது 1920கள்ல டுபான்ட் கம்பெனி கொண்டு வந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரோட பேர். சீக்கிரம் காயும், தேய்ச்சா அழகா மின்னும். ஆனா வேகமா ஆவியாகறப்ப தகட்ட இன்னும் குளிர வைக்கும், மிஸ்ட் நேரத்துல அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். அத சரி பண்ண ரிடார்டர் கலந்து மெதுவா காய விடணும், நம்ம இடத்துக்கு அது பெரிய போராட்டம். சிந்தெடிக் எனாமல் இந்த மாதிரி எஸ்டேட் வண்டிக்கு நியாயமான தேர்வு தான், விலையும் கம்மி, மாஸ்க் தொந்தரவும் கம்மி, ஆனா குளிர்ல நாள் கணக்கா ஈரமாவே இருந்து பூச்சியும் தூசியும் ஒட்டும். நான் போட்டது 2கே, மேல தனியா கிளியர்ங்கற நிறமில்லாத பளபளப்பு கோட் தேவைப்படாத வகை கலர். ஜீப்புக்கு மேல கிளியர் கோட் அடிச்சு கண்ணாடி மாதிரி ஆக்கறது எனக்கு பிடிக்கல, அந்த வண்டி ஃபேக்டரில இருந்து அப்படி வரவே இல்ல.

நேரம் பத்தரைல இருந்து ஒன்றரை, அதுக்குள்ள கடைசி கோட் முடிஞ்சிடணும். 1.3 இல்லன்னா 1.4 நாசில், கன்னுல 2 பார் சுமார். முதல்ல ஒரு அட்டைல அடிச்சு பெயிண்ட் விசிறி மாதிரி சமமா விழுதான்னு பாருங்க. தகட்டுல இருந்து ஒரு சாண் தூரம், மணிக்கட்ட வளைக்காம கைய மொத்தமா நகர்த்தி, முந்தின பட்டைல பாதி மேல படற மாதிரி அடுத்தது. ஓரத்த முதல்ல அடிச்சுட்டு நடுவுக்கு வாங்க. முதல் கோட் லேசா தூவல் மாதிரி, அடியில இருக்கற சர்ஃபேசர் தெரிஞ்சாலும் பரவாயில்ல. அடுத்த ரெண்டும் நனைஞ்சு பரவற மாதிரி. நடுவுல டப்பா சொல்ற பத்து நிமிஷத்த நம்பாதீங்க, இருபதுல இருந்து முப்பது விடுங்க, பக்கத்துல ஒட்டின மாஸ்கிங் டேப் மேல விழுந்த பெயிண்ட்ட விரலால தொட்டுப் பாருங்க, விரல்ல கலர் ஒட்டாம பிசுபிசுன்னு மட்டும் இருந்தா அடுத்த கோட். தின்னர், ஹார்ட்னர் வாங்கும்போது கடைல மலைக்குன்னு சொல்லி வாங்குங்க, கீழ வெயிலுக்கு வெச்சிருக்கற ஸ்லோ ஹார்ட்னர குடுத்துட்டாங்கன்னா சாயந்திரம் மிஸ்ட் வர்றப்பவும் பெயிண்ட் ஈரமா இருக்கும், காலைல பார்த்தா பளபளப்பு போயி சுண்ணாம்பு மாதிரி மங்கியிருக்கும்.

வழிஞ்சிடுச்சுன்னா தொடாதீங்க. துடைக்கற கை தான் பெரிய நாசம் பண்ணும். பூச்சி விழுந்தாலும் அப்படியே விடுங்க. எல்லாம் இறுகின அப்புறம், நம்ம ஊர்ல ஒரு வாரம் பத்து நாள் விட்டு, 1500, 2000 வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்ட் போட்டா போயிடும். வேக்ஸ் மட்டும் ரெண்டு மாசத்துக்கு வேண்டாம், உள்ள இருக்கற தின்னர் முழுசா வெளிய போகட்டும்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டுக்கு அடியில நைலான் வாஷர், பானட் உக்காரற இடத்துல புது ரப்பர். மடிப்புக்குள்ள துரு வராம காக்கற கேவிட்டி வேக்ஸ் அடிங்க, மட்கார்டு உள்பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம், நம்ம ரோட்டுல ஈரம் எப்பவும் கீழ இருந்து தான் வரும். ஹெட்லைட்டுக்கு எர்த் கிரில் வழியா போற வண்டியா இருந்தா அந்த ஒரு போல்ட் உக்காரற இடத்துல மட்டும் காசு அளவு பெயிண்ட்ட சுரண்டி, மாட்டின அப்புறம் மேல கிரீஸ் தடவிடுங்க, இல்லன்னா புது பெயிண்ட் அடிச்ச வண்டில லைட் மங்கலா எரியுதேன்னு வயரிங்க நோண்டிட்டிருப்பீங்க.

மிச்ச கலர் டப்பா மேல கலர் கோடும் தேதியும் எழுதி வைங்க, டச் அப்புக்கு வேணும். ஹார்ட்னர் காத்துல இருக்கற ஈரத்தோடயே வேலை செய்ய ஆரம்பிச்சிடும், இறுக்கி மூடி வீட்டுக்குள்ள காஞ்ச இடத்துல வைங்க, அடுத்த தடவை திறக்கறப்ப கலங்கலா இருந்தா அத கலக்காம புதுசு வாங்கிடுங்க.